இல்லாத தக்காளி

அன்று காய்கறிக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கடைக்காரம்மா, தையல்காரர், அவர் மனைவி, ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர். கடைசி ஆளுக்கு நான்கு மாதம் முன்பு இதய ஆபரேஷன் ஆகியிருந்தது.

"தக்காளி அரைக் கிலோ."

"தக்காளி இல்லண்ணே. பெரிய மார்க்கெட்ல கிடைக்கும்."

ஸ்டோர்கீப்பருக்குச் சுருக்கென்றது.

"நேத்து கேரட் இல்ல. முந்தாநேத்து பீன்ஸ் இல்ல. நாப்பத்தோரு நாளா தினம் ஏதோ ஒண்ணு இல்ல. எதிர்த்த வறுவல் கடையில மட்டும் எப்பப் பார்த்தாலும் தட்டு நிறைய இருக்கு. நெஞ்சுக்கு ஆகாதது இருபது அடியில, ஆகறது ரெண்டாயிரம் அடியில."

"லோடு வரலண்ணே. நான் என்ன செய்யட்டும்?"

"காலையில டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, 'நல்லா நடக்கறீங்க போல'ங்கறார். காய் தேடி அலையவே பொழுது சரியா இருக்கு, இதுல நடக்க எங்க நேரம்னு கேட்டேன்."

தையல்காரருக்கு ஏனோ இருமல் வந்தது.

"இனிமே எங்க கட்டடத்துல பதினாறு வீட்டுக்கும் மார்க்கெட்தான். சொல்லிடப்போறேன்."

கடைக்காரம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

ஸ்டோர்கீப்பர் பத்தடி போனதும் குடை ஞாபகம் வந்தது. திரும்பினார்.

பெஞ்சுக்கு அடியில் சாக்கை விலக்கி, தையல்காரர் மனைவி தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினாறு வீட்டு வியாபாரம். உள்ளதைச் சொல்லிடக் கூடாதா?"

"சொன்னா நடப்பாராக்கா? ரெண்டு மாசம் அவங்க வீட்டம்மா கெஞ்சியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. காய் வாங்கணும்னாதான் கால் கிளம்புது. வியாபாரம் போனா போகட்டும், மனுஷன் இருக்கட்டும்."

ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமினார். சாக்கு சட்டென்று மூடிக்கொண்டது.

"என்னண்ணே?"

"குடை."

எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நாளைக்கு எனக்கு என்ன இல்ல?"

கடைக்காரம்மா மெல்ல, "முட்டைக்கோஸ் இல்லண்ணே" என்றார்.

"சரி. மத்த பதினஞ்சு வீட்டுக்கும் எல்லாம் இருக்குன்னு சொல்லிடறேன்."

குடையை விரித்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தார். முப்பது வருடம் கிடங்கில் சரக்கு எண்ணிய கண் சும்மா இருக்குமா? சாக்கு மூடுவதற்குள் எண்ணி முடித்திருந்தது.

மிச்சம், இருபத்தேழு தக்காளி.