உச்சிவெயில் கூட்டம்

புளியமரத்தின் மேல்கிளைகள் குடியிருக்க மட்டும்தான் என்பது அந்த மரத்துச் சட்டம். அங்கே தச்சுப் பட்டறை போட மரங்கொத்தி அனுமதி கேட்டது. ஆட்சேபம் இருப்பவர்கள் உச்சிவெயிலில் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று தலைவர் காக்கா அறிவித்தார்.

ஆந்தையும் அந்த மரத்தில்தான் குடியிருந்தது. அதன் பொந்துக்கு நேர் மேலேதான் பட்டறை வரப்போகிறது. பகலெல்லாம் தலைமாட்டில் டொக்கு டொக்கென்று தட்டினால் அது எப்போது தூங்கும்? கூட்டத்துக்குப் போகாமலும் இருக்க முடியாது. போன தடவை, தூக்கத்தில் காற்றுக்கு ஆடிய வௌவாலை, சம்மதம் என்று தலையாட்டியதாகக் கணக்கில் சேர்த்தவர்கள் ஆயிற்றே.

கண் கூச, கிளை கிளையாகத் தடவிக்கொண்டு ஆந்தை வந்து சேர்ந்தது. மரங்கொத்தி பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. ஆந்தையின் இமைகள் தாமாக மூடின.

"ஆந்தையம்மா கண்ண மூடிட்டாங்க. அப்போ சம்மதம்தான்," என்றார் தலைவர்.

"வெயில் கூசுது, மூடியிருக்கேன். எனக்குச் சம்மதமில்ல," என்றது ஆந்தை, கண்ணைத் திறக்காமலே.

காக்காவின் முகம் சுருங்கியது. "அப்போ நாளைக்கு இதே நேரம் திரும்பக் கூடுவோம்."

"கூடுங்க, வரேன். ஒரு தடவையாவது பொழுது சாஞ்சப்புறம் வைக்கலாமே, தலைவரே?"

கூட்டமே சிரித்தது. "நல்லாக் கேட்டீங்க போங்க," என்றார் தலைவர். "எல்லாரும் தூங்குற நேரத்துல கூட்டம் போட்டா, அது நியாயமா?"

அன்று இருட்டிய பிறகு ஆந்தை இரைதேடவும் போகாமல், மறுநாள் வெயிலுக்காக அந்தக் கிளையிலேயே உட்கார்ந்திருந்தது.