புரளும் புள்ளி

வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தப் புள்ளியை ஜெனோவா ஆறு நாளாக ஆய்வக நுண்ணோக்கியின் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது வடக்கே நோக்கினால் வெள்ளை, தெற்கென்றால் கறுப்பு. யாரும் தொட வேண்டியதில்லை. அறையின் வெதுவெதுப்பே அதை உள்ளுக்குள் உலுக்கி உலுக்கி, ஏதோ ஒரு கணத்தில் புரட்டிப் போட்டுவிடும். எத்தனை முறை புரள்கிறது என்று எண்ணுவதுதான் அவள் வேலை. இன்று காலை கறுப்பு வெள்ளையானது.

"என்னக்கா பண்ணினீங்க?" என்றான் உடன் வேலை செய்யும் முபாரக்.

"ஒண்ணுமே பண்ணல. அதுவாத்தான் திரும்பிச்சு."

நேரத்தைக் குறிக்கும்போது கைபேசி அடித்தது. அப்பா. அவள் கல்யாணத்தன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர். ஒன்பது வருடமாகக் கடிதம், சமாதானம், பேரனின் படம் எதற்கும் அசையாதவர்.

"சும்மாதாம்மா கூப்பிட்டேன். ஞாயித்துக்கெழம எல்லாரும் சாப்பிட வாங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. "வாறோம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

புள்ளி இன்னும் வெள்ளையாகவே இருந்தது. இதே வெதுவெதுப்பில் அது மறுபடியும் கறுப்பாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எழுந்துபோய்க் குளிரூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினாள்.

"அக்கா, குளுந்துட்டா அது புரளவே புரளாதே! இன்னும் எண்ணி முடிக்கலையே?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இப்படியே இருக்கட்டும், முபாரக்."