காத்திருப்பு வட்டம்

தம்பியின் குரல் ஹெட்செட்டில் கேட்டதும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

விமானத்தின் எண்ணைச் சொன்னான், உயரத்தைச் சொன்னான், வணக்கம் சொன்னான். அவளும் எண்ணைச் சொல்லிப் பதில் வணக்கம் வைத்தாள். பெயர் சொல்வது அங்கே வழக்கமில்லை, உறவு சொல்வது அதைவிட இல்லை.

அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் அவன் விமானம் ஓட்டுகிறான், அவள் தரையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களை வரிசைப்படுத்தி இறக்குகிறாள். வயிற்றுப்பாடு வாரத்துக்கு ஒரு முறையாவது இருவரையும் பேச வைத்துவிடும்.

அதில் அவளுக்கு அற்ப சந்தோஷம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டாளர் என்ன உத்தரவு போட்டாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்து அவள் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவன், இங்கே மட்டும் கிளிப்பிள்ளை.

காலையில் கொட்டிய மழையில் ஓடுபாதையை மூடி, இப்போதுதான் திறந்திருந்தார்கள். வானத்தில் வரிசை நீண்டு கிடந்தது. அவனை வட்டமடித்துக் காத்திருக்கச் சொன்னாள்.

திருப்பிச் சொன்னான். கொஞ்சம் தயங்கி, முன்னதாக இறங்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டான்.

எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா. அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் இவள். ஆனால் கண் திறந்த போதெல்லாம் அம்மா கேட்டது, தம்பி வந்துவிட்டானா என்றுதான். தலையணையைச் சரிசெய்கிற கை யாருடையது என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. இன்றைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதால், கணவனைக் காவலுக்கு வைத்துவிட்டு வேலைக்கு வந்திருந்தாள்.

காரணம் சொல்லுங்கள் என்றாள்.

அந்த அலைவரிசையில் இருந்த விமானிகள் எல்லோருக்கும் அது கேட்டது. சொந்த விஷயம் என்றான். எரிபொருள் குறைவா, பயணிகளில் யாருக்காவது உடம்பு முடியவில்லையா, என்ஜினில் கோளாறா என்று ஒவ்வொன்றாக, மரியாதை குறையாமல் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றான். எங்கள் அம்மா, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அப்படியானால் காத்திருங்கள் என்றாள்.

முன்னால் இருந்த ஒரு விமானி, வயதான குரல், குறுக்கே வந்தார். எங்களுக்கு அவசரமில்லை, எங்கள் இடத்தை அவருக்குக் கொடுங்கள் என்றார். விமானிகள் இப்படி விட்டுக்கொடுப்பது உண்டு. கட்டுப்பாட்டாளர் நன்றி சொல்லி இடத்தை மாற்றித் தருவதும் உண்டு.

அவள் நன்றி மட்டும் சொன்னாள்.

அப்பா போனபோது அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் வைத்திரு, முகத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று தம்பியிடம் போனில் கெஞ்சினாள். மாலையில் அவனுக்கு டியூட்டி. அவளுக்காகக் காத்திருக்காமல் எடுத்துவிட்டான். அவள் வந்து சேர்ந்தபோது வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குப் பின்னால் வந்த விமானம் ஒன்றை அவனுக்கு முன்னால் இறக்கினாள். பிறகு இன்னொன்றை. ஒன்றுக்கு வேகம் காரணம், மற்றதற்கு உயரம். யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும். ஆனால் வயர்லெஸ்ஸில் சண்டை போடுவது விமானிக்கு அழகில்லை.

இன்னும் ஒரு சுற்று என்றாள்.

இன்னும் ஒரு சுற்று என்று திருப்பிச் சொன்னான். குரல் கம்மியிருந்தது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்தச் சுற்றோடு விட்டுவிடலாம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

செல்போன்களை வெளியே வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் வர வேண்டும். மேற்பார்வையாளரின் மேசையில் மட்டும் ஒரு தொலைபேசி உண்டு. அது அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார், அவள் பக்கம் பார்த்தார், எழுந்து வந்தார். அவள் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கி, குனிந்து ஏதோ சொன்னார். நீ கிளம்பும்மா, இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இந்த ஒன்றை இறக்கிவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினாள்.

பொத்தானை அழுத்தினாள். வட்டத்திலிருந்து வெளியே வரலாம், நேராக ஓடுபாதைக்கு வரலாம், வரிசையில் நீங்கள்தான் முதல் என்றாள். அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அத்தனை வருட அனுபவம்.

தம்பி திருப்பிச் சொன்னான். வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன, ஆனால் ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசியில் மட்டும் எந்த விதியிலும் இல்லாததைச் சேர்த்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் அக்கா. இத சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மற்ற விமானங்களில் யார் யாரோ மைக் பொத்தானை டக் டக்கென்று தட்டினார்கள். விமானிகளின் கைதட்டல் அது.

திருப்பிச் சொன்னது சரி, என்றாள்.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். எழுந்து நாற்காலியை விட்டு விலகினாள். மேற்பார்வையாளர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். தம்பி ஒருவர் இருக்கிறாரே, அம்மா போய்விட்ட விஷயத்தை அவருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார்.

ஓடுபாதையை நோக்கி வேகமாக நகர்ந்துகொண்டிருந்த புள்ளியை அவள் விரலால் காட்டினாள்.

"இறங்கட்டும் சார். இப்ப நான் சொன்னா, அவன் அதத் திருப்பிச் சொல்லணும்."