39.7 விநாடி

செய்முறைத் தேர்வில் பத்துப் பேர் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் 10.02.

"இந்தப் பொண்ணுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது சார். ஃபெயில் போட்டுடலாம்," என்றார் ஆய்வகத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர்.

அவளுக்கு இது இரண்டாவது முறை. இதிலும் போனால் பட்டம் கிடையாது. அவர் என்னவோ அழுகல் தக்காளியைப் பொறுக்கித் தள்ளுவது போலச் சொன்னார்.

நான் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளன். இயற்பியலில் ஆய்வு முறைகளின் வரலாறு என் பாடம். பிடிக்காத அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேர் வாங்கிய ஆட்களைப் பற்றி நானூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறேன். இந்த மாதிரி ஜென்மங்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.

பத்து நோட்டிலும் ஊசல் இருபது முறை ஆட 40.1 விநாடி. பத்துப் பேரும் கடிகாரத்தை ஒரே இடத்தில் நிறுத்தினார்களாம். விடையை முதலில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னாலேயே நடந்து வந்திருக்கின்றன, கழுதைகள்.

அவள் நோட்டில் 39.7.

நூலின் நீளம் அளந்த மர ஸ்கேலை எடுத்துப் பார்த்தேன். முனை உடைந்து, இரண்டு சென்டிமீட்டரில்தான் தொடங்கியது. அது நூறு என்று காட்டினால் உண்மையில் தொண்ணூற்றெட்டு. அதை வைத்துக்கொண்டு ஒழுங்காக அளந்தால் 10.02தான் வரும்.

அந்த அறையில் அளந்தவள் அவள் ஒருத்திதான்.

ஸ்கேலை விரிவுரையாளரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அசடு வழிந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகப் பீரோவைத் திறந்து, அட்டை பிய்ந்த பழைய நோட்டு ஒன்றைப் பத்திரமாக எடுத்து என் முன்னால் விரித்தார்.

"நாங்களா எதுவும் சொல்லித் தர்றதில்ல சார். இருபத்தஞ்சு வருஷமா இந்த நோட்டத்தான் மாதிரியா காட்டறோம்."

பெயர் எழுதிய பக்கம் கிழிந்து போயிருந்தது. உள்ளே, நேரம்: 40.1. நான்கின் வால் அடுத்த வரி வரைக்கும் இறங்கியிருந்தது.

நான் இங்கே படித்தவன் என்பதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

எனக்கும் அன்றைக்கு 39.7தான் வந்தது.

நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினேன். மதிப்பெண் தாளை இழுத்து அவளுக்கு நாற்பதுக்கு நாற்பது போட்டேன். நான்கின் வாலை மட்டும் குட்டையாக நிறுத்திக்கொண்டேன்.