ஒரு மணி நேர ஆபரேட்டர்

தொழிலாளர் துறை அதிகாரி அம்மா சோதனைக்காக உள்ளே வந்தபோது நான் இஸ்திரி மெஷின் முன்னால் நின்றிருந்தேன். என் மனைவி கையில் நீளக்கட்டை விளக்குமாறு இருந்தது.

நேற்றுவரை அப்படியில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இந்தச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடமாக இஸ்திரி போடுகிறவள் அவள்தான். நான் ஈரத்துணி மூட்டை தூக்குகிறவன்.

பதிவேட்டில் மட்டும் அவள் பெருக்குகிறவள். பெருக்குகிறவளுக்கு அரசாங்கம் வைத்த கூலி குறைவு, ஆபரேட்டருக்கு அதிகம். எங்கள் முதலாளி விவரமான ஆள்.

மெஷின் இருந்தால் ஆபரேட்டர் என்று ஒருத்தராவது இருக்க வேண்டுமே. சோதனை வருகிறது என்று தெரிந்ததும், அது முடியும்வரைக்கும் என்று நேற்று சாயங்காலம் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்.

காலையில் பத்து நிமிடம் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். விரிப்பின் விளிம்பை உதறிவிட்டுச் சூடான உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். கோணலாகப் போனால் போகட்டும், இழுக்கவே கூடாது, கையும் சேர்ந்து உள்ளே போய்விடும். அவசரமென்றால் மேசைக்கு அடியில் சிவப்புப் பொத்தான். எல்லாம் தெரிந்தவன்போலத் தலையை ஆட்டினேன்.

மூன்றாவது விரிப்பு கோணிக்கொண்டது.

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் மானம் போகிறதே என்று பிடித்து இழுத்தேன்.

விரல் நுனியில் சூடு சுரீரென்றது. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் விளக்குமாற்றுக் கட்டை மேசைக்கு அடியில் பாய்ந்தது. மெஷின் நின்றது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.



“பெருக்குறவங்களுக்கு அந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?” என்று அதிகாரி கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும், இனிமேலாவது அவளுக்கு ஆபரேட்டர் கூலி கிடைக்கும். அவளே சொன்னால் கூலிக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறாள் என்பார்கள். நான் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

“என் சம்சாரம்தான் மேடம். நான்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்து வச்சிருக்கேன்.”

அதிகாரி சிரித்தார். ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். சூப்பர்வைசர் என் தோளைத் தட்டிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

கையைப் பார்த்தேன். பத்து விரலும் பத்திரமாக இருந்தன. அவமானமாக இருந்தது.

இனி மெஷினுக்கு அவள் வரலாம் என்று விலகி இடம் விட்டேன். அவள் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை. என் காலடிவரை பெருக்கிக்கொண்டே வந்து நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆபரேட்டர் சார்.”