ஒரே நாளில் மக்கும் பை

"ஒண்ணு, பையை வாங்குங்க. இல்லே, நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க!"

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் மேஜையைத் தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் துள்ளி விழுந்தது.

கடைசி வரிசையிலிருந்து தையல்காரர் எழுந்தார். கீழ்த்தளத்தில் ஒற்றை மெஷினைப் போட்டுப் பிழைக்கிற மனுஷர். அவர் காலடியில் பட்டன், ஒரு காது மடங்கின நாய், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் சுகமாகச் சொறிந்துகொண்டிருந்தது.

"பை எதுக்கு சார்? என்கிட்ட பழைய பேப்பர் இருக்கு..."

"பேப்பராம்!" செயலாளர் சபையைப் பார்த்துச் சிரித்தார். "நான் வாங்கறது தானே மக்கிப்போற பை. பச்சைக் கலர், இலைப் படம் போட்டது. எங்க நாய் மேஜர் வெளிக்குப் போனதும் அதுல அள்ளி, முடிச்சுப் போட்டு, பின்பக்கம் வேலிச் செடிக்கு அடியில வச்சுடுவேன். மறுநாள் போய்ப் பார்த்தா அங்கே பை இருந்த சுவடே இருக்காது. மூணு மாசம் ஆகும்னு பாக்கெட்ல போட்டிருக்கான். நம்ம மண்ணுக்கு ஒரே நாள்!"

எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

குளிராதா பின்னே? சுற்றுச்சூழல் என்றால் அவருக்கு உயிர். மேஜருக்கு மூங்கில் தட்டு, மூங்கில் சீப்பு, கப்பலேறி வந்த இயற்கை பிஸ்கட். அதெல்லாம் வந்திறங்கின அட்டைப்பெட்டியும் தெர்மாக்கோலும் மட்டும் பால்கனியில் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

"தையல்காரரே, பத்து நாள் டைம். அதுக்கப்புறமும் பை இல்லேன்னா பட்டன் இந்தக் காம்பவுண்டுல இருக்கக் கூடாது."

தையல்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். செயலாளரின் மலர்ந்த முகத்தைப் பார்த்தார். வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டுக் குனிந்து பட்டனின் மடங்கின காதைத் தடவிக் கொடுத்தார். ஒண்டிக்கட்டை. பட்டனும் போனால் அவருக்குப் பேச்சுத்துணை அந்தத் தையல் மெஷின்தான்.

பத்து நாள் போயிற்று. அவர் பை வாங்கின மாதிரி தெரியவில்லை.

பதினோராம் நாள் விடிந்ததும் செயலாளர் மொபைலும் கையுமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார். சாட்சிக்கு மனைவி.

"என்னங்க இது, இந்த வயசுல கண்ணாமூச்சி?"

"சும்மா இரு. ஆளைக் கையும் களவுமாப் பிடிக்கணும்."

தையல்காரர் வந்தார். முன்னால் பட்டன். அவர் கையில் மூடி போட்ட ஒரு வாளி. பட்டன் மூன்று சுற்றுச் சுற்றி, இடம் தேர்ந்தெடுத்து, வேலையை முடித்தது. அவர் பழைய பேப்பரால் பதமாக அள்ளி வாளியில் போட்டு மூடினார். தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

செயலாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"பார்த்தாச்சுல்ல? காபி ஆறுது, வாங்க போகலாம்" என்றாள் மனைவி.

"இரு, இரு! வேலிப் பக்கம் போறான் பாரு!"

தையல்காரர் வேலிச் செடிக்கு அடியில் கையை விட்டார். பச்சைப் பை ஒன்றை வெளியே எடுத்தார்.

"அடப்பாவி! அது என் பை!" செயலாளர் பாய்ந்து வந்தார். "கூட்டத்துல வேண்டாம்னுட்டு இங்கே வந்து என் பையைத் திருடறீங்களா?"

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

தையல்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு, இனி மறைக்க என்ன இருக்கு என்கிற மாதிரி, வேலிக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே பலகை மூடின ஒரு குழி இருந்தது.

"பட்டனோடது, மேஜரோடது, எல்லாம் இதுலதான் சார் போகுது. சருகும் மரத்தூளும் கலந்து மூடி வச்சா நல்லா மக்கிடும். வருஷம் கழிச்சு பூச்செடிக்கு மட்டும் போடலாம்."

"அப்ப என் பை?"

குழிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு. அதைத் திறந்து காட்டினார். உள்ளே கழுவிக் காயவைத்து, துணி மாதிரி மடித்து அடுக்கின பச்சைப் பைகள். ஒன்றில்கூட இலைப் படம் மங்கவில்லை.

"ஆறு மாசத்துப் பை சார். முதல்ல வந்ததையெல்லாம் குழியிலேயே போட்டுப் பார்த்தேன், இங்கே ஒண்ணும் மக்கற வழியாக் காணோம்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

செயலாளரின் காது மடல் சிவந்துபோயிற்று. "பட்டனையே விடச் சொன்னேனே! அப்பவும் வாயைத் திறக்காம இருந்தீங்களே!"

"பட்டனை விடறதாவது! வேற இடம் பார்த்துட்டிருக்கோம் சார். நானும் அதுவும் சேர்ந்தே கிளம்பிடலாம்னு."

"ஒரு இடமும் போக வேண்டாம்! அந்தத் தீர்மானத்தை இன்னிக்கே கிழிச்சுப் போடறேன்." செயலாளர் சாக்கை இழுத்து மூடினார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். நாலு பேர் முன்னாடி என் மானம் போயிடக் கூடாதுன்னுதானே சொல்லாம இருந்தீங்க?"

"அதில்லை சார்..." தையல்காரர் தலையைச் சொறிந்தார். "பை வர்றதுக்கு முன்னாடி மேஜருக்காக நீங்க ஒருநாள்கூடக் குனிஞ்சதில்லை. தோட்டம் பூரா தேடித் தேடி நான்தான் அள்ளுவேன். அந்தப் பையை நம்பித்தான் குனியவே ஆரம்பிச்சீங்க. உண்மையைச் சொன்னா, எங்கே அதையும் விட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேன் சார்!"