ரெண்டு பேர் தறி

"உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா தறி? ஆளுக்கொரு கோணி ஊசி தர்றேன், சாக்குப்பை தைச்சுக்கிட்டு இருங்க!"

மேஸ்திரி போட்ட சத்தத்தில் கூடையில் தூங்கிய குழந்தை வீலென்று அழுதது.

அது அகலத் தறி. பெரிய போர்வை நெய்வது. ஒருத்தி கைக்கு எட்டாது. அதனால் இந்த ஓரத்தில் மூத்த மருமகள், அந்த ஓரத்தில் இளைய மருமகள். ஒருத்தி குறுக்கு நூல் சுற்றிய நாடாவை விட வேண்டும், மற்றவள் பிடிக்க வேண்டும், அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பலகையை இழுத்து அடிக்க வேண்டும்.

ரெண்டு பேருக்கும் பேச்சு நின்று நாற்பது நாள்.

காரணம் பெரிசாக ஒன்றும் இல்லை. இளையவளின் குழந்தையைப் பார்த்து மூத்தவள், "மூக்கு மட்டும் அம்மா மூக்கு, பாவம்" என்றாள். "நாக்கு பெரியம்மா நாக்கா இல்லாம இருந்தா சரி" என்றாள் இளையவள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் நாடாவோடுதான்.

"ஏ நாடா, அந்தப் பக்கம் இருக்கறவங்களைக் கொஞ்சம் மெதுவா இழுக்கச் சொல்லு."

"ஏ நாடா, தூங்கி எழுந்து அனுப்பினா இப்படித்தான் இழுக்க வேண்டியிருக்குன்னு போய்ச் சொல்லு."

ரெண்டு போர்வை கோணல் என்று குடோனிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் அவர்கள் கொடுத்த தறியைக் கழற்றி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தறி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மூன்றாவது போர்வை பாதியில் இருக்கும்போதுதான் மேஸ்திரி பார்க்க வந்தார்.

வந்தவர் முறையாகத்தான் ஆரம்பித்தார். தறிக்கட்டை மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தார். மட்டம் சரி. நீளவாக்கில் கட்டிய பாவு நூலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். எங்கேயும் தொய்வு இல்லை. அப்புறம் நெய்த துணியில் டேப்பை வைத்தார்.

மூத்தவள் ஓரம் ரெண்டு விரல் உள்ளே சுருங்கியிருந்தது. இளையவள் ஓரம் பாவாடைக்குச் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி அலை அலையாக இருந்தது. கோடுகள் எல்லாம் சரிவாக ஓடின.

"தறி சரி, பாவு சரி. கோளாறு ரெண்டு ஓரத்துலயும் உட்கார்ந்திருக்கு" என்றார்.

"அவ தூக்கத்துல அடிக்கறா அண்ணே."

"அவங்க கோபத்துல அடிக்கறாங்க அண்ணே."

அப்போதுதான் அந்தச் சாக்குப்பைப் பேச்சு வந்தது. அதோடும் நிற்கவில்லை.

"மூத்தவளுக்குக் கையும் இரும்பு, மூளையும் இரும்பு. இளையவளுக்குக் கையும் பஞ்சு, மூளையும் பஞ்சு. உங்களைக் கட்டிக்கிட்ட அண்ணன் தம்பியை நெனச்சாத்தான் எனக்கு அழுகை வருது. இன்னும் அஞ்சு நாள். இதையும் குட்டிச்சுவராக்குங்க, நானே ஸ்பேனரோட வர்றேன்."

போய்விட்டார்.

இளையவள் நாடாவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அக்கா." நாற்பது நாளில் இதுதான் முதல் தடவை. "எனக்கு மூளை பஞ்சாம்."

"எனக்கு இரும்பாம். அவன் தலையைப் பார்த்தியா? வெளியிலயும் ஒண்ணும் இல்ல, உள்ளயும் ஒண்ணும் இல்ல."

இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெய்ததைப் பிரிச்சிடலாமாக்கா?"

"பிரி. அவன் மூஞ்சில விட்டெறியற போர்வை, ஒரு குத்தம் இல்லாம இருக்கணும்."

பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆனாலும் அடி சேர்ந்து விழவில்லை. ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள்.

"ஆளுக்கொரு வார்த்தை அவனைத் திட்டுவோம். திட்டி முடிச்சதும் அடிப்போம்" என்றாள் மூத்தவள்.

நாடா கிளம்பியது. "வீணாப்போனவன்!"

"வெளங்காதவர்..."

"மரியாதையோட திட்டினா எப்படிடி அடி விழும்?"

"வெளங்காதவன்!"

டொக்.

பலகை ஒன்றாக விழுந்தது. மறுபடி நாடா. மறுபடி வசவு. டொக்.

"அக்கா, அந்த ஆளை அவ்வளவு பலமா அடிக்காதீங்க. ஓரம் சுருங்குது."

"நீ கொஞ்சம் பலமாத்தான் அடியேன். என்ன பாவம் பார்க்கறே?"

அஞ்சு நாளும் இதே பாட்டு. குழந்தைகூட இந்த வசவைக் கேட்டால்தான் தூங்கியது.

அஞ்சாம் நாள் குடோன் மேஜையில் போர்வையை விரித்தார் மேஸ்திரி. டேப் வைத்தார். நான்காக மடித்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டி நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு கோடும் சரியவில்லை.

ரெண்டு பேரும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள்.

"சுமார்" என்றார் மேஸ்திரி.

"சுமாரா?" ரெண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன.

"வேற வழி இல்லாம எடுத்துக்கறேன். தறி உங்க வீட்டுலயே இருந்து தொலையட்டும். அடுத்த பாவு அந்த மூலையில இருக்கு, எடுத்துட்டுக் கிளம்புங்க."

இளையவள் பாவு நூலைத் தூக்கிக்கொண்டாள். மூத்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "சுமாராம்டி, சுமாராம்! கண்ணு அவிஞ்சு போச்சா அவனுக்கு?" என்று வாசல் தாண்டியும் கேட்டது.

குடோன் கணக்கர் போர்வையைத் தடவிப் பார்த்தார்.

"மேஸ்திரி, இந்த வருஷம் வந்ததுலயே இதுதான் நல்ல போர்வை. வாய் நிறைய ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? எப்படித் திட்டிட்டுப் போறாங்க பாருங்க."

"திட்டட்டும்" என்றார் மேஸ்திரி, போர்வையை மடித்துக்கொண்டே. "நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா, அது யார் கையால நல்லா வந்துச்சுன்னு சண்டை போட்டு, தெருமுனை போறதுக்குள்ள ரெண்டும் பேச்சை நிறுத்தியிருக்கும்."